முதலாந் திகதி வருகிறவர்

இத்தாலியில், பலெர்மோ நகரத்துச் சீசா பக்கம் இருக்கிற தமிழ்ச் சனத்துக்கு அருளம்பலத்தாரைத் தெரியாமல் இருக்காது. முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்திருக்கும். கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சோறு கொடுக்கத் தொடங்கியதும், கடுதாசித் தட்டை ஒரு கையில் பிடித்தபடி உலக விவகாரம் முழுவதையும் தீர்த்து வைக்கிற குரல் ஒன்று கேட்கும். அது அவர்தான். எழுபத்தேழு வயது. மனைவி சந்திரமதி போய்ச் சில வருசங்கள். ஒரே மகன் லக்சன் சுவிசில். அவர் இருப்பது மூன்றாம் மாடியில், ஓர் அறையும் குசினியுமான ஒரு வீட்டில். வீட்டுக்குள்ளே அந்தக் குரலுக்கு ஒரு வேலையும் இல்லை. அதனால்தானோ என்னவோ, வெளியில் வந்துவிட்டால் நிற்காது.

அன்றைக்கும் அப்படித்தான். யாரோ கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு ஜப்பான் கதையை எடுத்தார்கள். அங்கே வயது போன சனம் பெருகிவிட்டதாம், உழைக்கிற இளசுகள் குறைந்துவிட்டார்களாம். ஆனபடியால் வசதியுள்ள வயோதிபருக்கு அரசாங்கப் பென்சனைக் குறைக்கலாமா, கூடாதா என்று வாதம் நடக்கிறதாம்.

“இதுக்கென்ன வாதம் வேண்டிக்கிடக்கு?” என்று தொடங்கினார் அருளம்பலத்தார். “காசுக்காரனுக்கு ஏன் பென்சன்? வீடிருக்கு, வாடகை வருது, வங்கியிலை வட்டி வருது. அரசாங்கம் இன்னும் கொண்டுபோய் அவன்ரை கையிலை திணிக்க வேணுமே? குறைக்கிறதென்ன, வெட்ட வேணும். ஜப்பான்காரர் மரியாதை தெரிஞ்ச ஆக்கள். அதுதான் குறைக்கிறதெண்டு சொல்லுறாங்கள்.”

கனகேஸ்வரி சாம்பார் வாளியோடு நின்றாள். புருசன் இல்லாமல், இந்த ஊர்க் கிழவிகளைப் பராமரிக்கிற வேலைக்குப் போய், இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தவள். அருளம்பலத்தார் ஒன்று சொன்னால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“அப்பிடியில்லை அருளண்ணை. நான் பார்க்கிற சிஞ்ஞோராக் கிழவிக்கு மூண்டு வீடு கிடக்கு. எண்டாலும் மாதம் பிறக்க முதலே பென்சன் வந்திட்டுதோ, வந்திட்டுதோ எண்டு என்ரை உயிரை வாங்குவா. காசுக்கில்லை. தன்னை மறக்கேல்லை எண்டு அவவுக்குத் தெரியோணும்.”

“மறக்காமல் இருக்கிறதுக்கு அரசாங்கம் என்ன அவவின்ரை பிள்ளையே?”

சனம் சிரித்தது. சிரித்தால் போதுமே, அருளம்பலத்தாருக்கு இன்னும் ஏறிவிட்டது. “நான் சும்மா கதைக்கிற ஆளில்லை. நாளைக்கு எனக்கொரு வருமானம் வந்தால் அண்டைக்கே போய்ச் சொல்லிப்போட்டு வருவன், எனக்கு உங்கடை காசு வேண்டாமெண்டு” என்று ஒரு போடு போட்டார். கேட்டுக்கொண்டிருந்தது பதினைந்து இருபது பேர். பிள்ளையாரும் பக்கத்தில்தான் இருந்தார்.

மனிதர் பொய் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னார். ஆனால் பென்சன் என்று அவர் அன்று வாய் நிறையச் சொன்ன சாமானுக்குள் வேறொன்றும் இருந்தது. அது அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது.

விசயம் இதுதான். அருளம்பலத்தார் இந்த ஊரில் வீட்டு வேலை, தோட்ட வேலை, மாடிப்படி கழுவுகிற வேலை என்று பார்க்காத வேலை இல்லை. ஆனால் முறையாகப் பதிந்து செய்த வேலை கொஞ்சம்தான். ஆகையால் உழைத்த பென்சன் என்று அவருக்கு ஒன்றும் இல்லை. வயது போனவர்களுக்கு, வேறு வருமானம் இல்லாதவர்களுக்கு, இத்தாலி அரசாங்கம் கொடுக்கிற உதவிப் பணம்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு தடவை தபாற்கந்தோரில் அதை எடுத்துக்கொண்டு வெளியே வர, ஸ்கூட்டரில் வந்த ஒருவன் பையை இழுத்துக்கொண்டு போய்விட்டான். அவரும் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். அப்போதுதான், பென்சன் விவகாரங்களுக்கு இலவசமாக உதவுகிற அலுவலகத்தில் வேலை செய்கிற சிவானுஜா என்ற பிள்ளை ஒரு வழி சொன்னாள். எழுபத்தைந்து வயது தாண்டி, தனிய இருப்பவர்களுக்கு, கரபினியேரி பொலிஸ்காரர் பென்சனை வீட்டுக்கே கொண்டுவந்து கையில் கொடுப்பார்களாம். அவள் எழுதிக் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதினாள், யார் வருவார்கள் என்று அவர் வடிவாகக் கேட்கவில்லை. தபால்காரன் வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை நடந்த கூத்து அதனால்தான். காலையில் கதவு பலமாகத் தட்டுப்பட்டது. திறந்தால் தொப்பி, சப்பாத்து, சிவப்புக் கோடு போட்ட காற்சட்டை, இடுப்பில் துவக்கு. அருளம்பலத்தாருக்கு பலெர்மோவில் இருந்த முப்பது வருசமும் அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. பின்னுக்குப் போனார். அலுமாரிக் கதவு இரண்டையும் அகலத் திறந்தார். கட்டிலுக்குக் கீழே கிடந்த சூட்கேசை இழுத்துத் திறந்து வைத்தார். மெத்தையைத் தூக்கிச் சுவரோடு நிமிர்த்தினார். வதிவிட அட்டை, கடவுச்சீட்டு, கரண்ட் பில், சந்திரமதியின் மரணச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையும் தெரியும்படி சுவரோரமாக நின்றார். ஆமிக்காரரின் சுற்றிவளைப்பில் வீட்டுக்காரன் தானே எல்லாம் திறந்து காட்டினால் அடி குறையும். யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் படித்த பாடம் அது.

வந்தவன் வாசலிலேயே நின்றான். நாற்பது வயது இருக்கும், நெற்றி ஏறிய தலை, தொங்கு மீசை. கலோஜெரோ என்று பெயர். கையில் கடித உறை. முதலில் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும், வாய் ஒரு பக்கம் கோணியது. பிறகு கிழவரின் வெறுங்காலைப் பார்த்தான். சிரிப்புப் போய்விட்டது. உள்ளே வந்து தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். மெத்தையின் ஒரு நுனியைப் பிடித்தான். “வாருங்கள், மற்றப் பக்கத்தைப் பிடியுங்கள்” என்றான் இத்தாலியனில். இரண்டு பேருமாக மெத்தையைக் கட்டிலில் போட்டார்கள். அதன் பிறகுதான், “உங்கள் பென்சன் கொண்டுவந்தேன்” என்றான்.

அருளம்பலத்தார் கட்டிலில் இருந்து அழுதார். ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை. அழுது முடிந்ததும் தேத்தண்ணி போட்டார். வேறு என்ன செய்வது?

அன்றிலிருந்து ஒவ்வொரு முதலாந் திகதியும் கலோஜெரோ வந்தான். கூட வருகிறவன் கீழே காரில் இருப்பான். இவன் மேலே வந்து, உறையைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் இருப்பான். இஞ்சி போட்ட தேத்தண்ணி. முதல் மிடறில் முகத்தைச் சுளிப்பான், பிறகு கோப்பையை வழித்துக் குடிப்பான். தன் முழங்கால் வலியைச் சொல்வான், மகள் கணக்கில் கோட்டை விட்டதைச் சொல்வான், மேலதிகாரியைத் திட்டுவான். இவர் தன் முழங்காலைச் சொல்வார். “தொன் அருள்” என்று கூப்பிடுவான். இந்த ஊரில் மதிப்பானவர்களுக்குப் போடுகிற பட்டம் அது. முப்பது வருசத்தில் வேறு எவனும் அதை அவருக்குப் போட்டதில்லை.

முந்தின நாளே வீடு கூட்டுவார். காலையில் எழும்பிச் சவரம் செய்வார். கபோச் சந்தைக்குப் போய் நல்ல இஞ்சியாகப் பார்த்து வாங்கி வைப்பார். மாதத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற கை அந்த ஒன்றுதான். மற்ற நாட்களெல்லாம் அந்த ஒரு நாளுக்கு முன்னாலும் பின்னாலும் சும்மா கிடந்தன.

இந்த வேளையில்தான் அந்த அதிர்ஷ்டம் வந்து தொலைத்தது. கொக்குவிலில், ரோட்டோரமாக, தகப்பன் வழியில் வந்த ஒரு காணித் துண்டு. வேலி விழுந்து, பற்றை பிடித்துக் கிடந்தது. அதை ஒரு பெரிய கடைக்காரர் குத்தகைக்குக் கேட்டு, கட்டடமும் போட்டு, மாதாமாதம் வாடகை தருவதாக ஒப்பந்தமாகிவிட்டது. ஓடித்திரிந்து பேசி முடித்தது லக்சன்தான். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் எடுக்கிற பிள்ளை, அந்த மாதம் நாலைந்து தரம் எடுத்தான்.

“அப்பா, இனி நீங்கள் பணக்காரன். வாடகை உங்கடை கணக்குக்கே வரும்” என்றான்.

“நல்லது ராசா. அப்ப இஞ்சை பென்சன் கந்தோரிலை சொல்லோணும்.”

“உங்களுக்கென்ன விசரே? ஆர் கேட்டது? அங்கை வாற காசு இத்தாலிக்காரனுக்கு என்னண்டு தெரியப்போகுது? வாயைப் பொத்திக்கொண்டு ரெண்டையும் எடுங்கோ.”

“நீ எப்ப வாறாய்?”

“வாறன் அப்பா. வாற வரியம் பாப்பம்.” வாற வரியம் பாப்பம் என்பதை லக்சன் எத்தனையோ வரியமாகச் சொல்லிக்கொண்டு வருகிறான்.

தொலைபேசியை வைத்துவிட்டு அருளம்பலத்தார் நெடுநேரம் யோசித்தார். கோயிலில் அத்தனை பேருக்கு முன்னால் விட்ட சவடால் ஒரு பக்கம். அதைக்கூட விழுங்கிவிடலாம், சனம் எத்தனையை மறக்கவில்லை? ஆனால் சொன்னால் பென்சன் நிற்கும். பென்சன் நின்றால் கலோஜெரோ வரமாட்டான். காசு போவது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவன் வராமல் விடுவதை நினைக்கத்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

எனவே சொல்லாமல் விட்டார். மனிதர்தானே.

அடுத்த முதலாந் திகதி கலோஜெரோ வந்தான், உறையை நீட்டினான், தொப்பியைக் கழற்றினான். அருளம்பலத்தார் பேனையைப் பிடித்தார். கை ஓடவில்லை. அவருக்குச் சேராத காசு அது. அதை வாங்கினால் அவர் மட்டுமா கள்ளன்? மூன்று மாடி ஏறிக் கொண்டுவந்து தருகிறவனையும் அல்லவா கூட்டுச் சேர்க்கிறார்? என்றாலும் கையெழுத்தைப் போட்டார். இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு அவன் மகள் இந்த முறை கணக்கில் தேறிவிட்ட கதையைச் சந்தோசமாகச் சொன்னான். அவருக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று அவன் வந்து போனது ஒரு சுகத்தையும் தரவில்லை. அடுத்த நாளே சட்டையை மாட்டிக்கொண்டு சிவானுஜாவிடம் போனார்.

சிவானுஜா எல்லாவற்றையும் கேட்டாள். கணினியில் தட்டினாள். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“ஐயா, நீங்களாய் வந்து சொன்னது எவ்வளவு நல்லது தெரியுமே? உங்களை மாதிரி ஆக்கள் குறைவு. நேற்றுக் கூடுதலாய் எடுத்ததைத் திருப்பிக் கட்டச் சொல்லுவினம், அது பெரிய பிரச்சினை இல்லை. மற்றது, பென்சன் முழுசாய் நிக்காது. குறையும்.”

“நிக்காதே?” அருளம்பலத்தார் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். “குறைஞ்சாலும் வரும், என்ன?”

“ஓம், வரும்.”

“ஐயோ பிள்ளை, நீ நல்லாயிருப்பாய்!” அவருக்கு அந்த அலுவலகமே வெளித்தது. “குறையட்டும், குறைக்கிறதுதானே ஞாயம். நானே கோயிலிலை சொன்னனான். அப்ப முதலாந் திகதி வழமை மாதிரி கொண்டுவந்து தருவினம்?”

“இல்லை ஐயா, அது இனி வராது. மிஞ்சப் போறது ரெண்டு மூண்டு கோப்பி குடிக்கிற காசு. இவ்வளவு சின்னக் காசை மாதாமாதம் அனுப்பமாட்டினம். வரியத்துக்கு ஒருக்கால், தை மாதம், சேர்த்துப் போடுவினம். அதை நீங்களே தபாற்கந்தோரிலை எடுத்திடலாம். அதுக்கேன் ஐயா பொலிஸ்?”

அருளம்பலத்தார் மேசையில் கையை வைத்தார். அவள் கணினியைப் பார்த்தார். அதற்குள் கெஞ்சிக் கேட்கக்கூடிய யாரோ இருப்பது போலத்தான் பார்த்தார்.

“பிள்ளை, நான் ஒண்டு கேக்கிறன். காசை இன்னும் குறைக்கச் சொல்லு. ஒரு யூரோ எண்டாலும் காணும், அரை யூரோ எண்டாலும் காணும். ஆனால் வாறதைக் குறைக்க வேண்டாமெண்டு சொல்லு. மாதாமாதம் வரட்டும்.”

சிவானுஜா வாய்விட்டுச் சிரித்தாள். “உங்கடை பகிடிக்கு அளவில்லை ஐயா! அரை யூரோவைக் கொண்டு பொலிஸ்காரன் மூண்டு மாடி ஏறுறதே?”

அவள் கெட்ட பிள்ளை இல்லை. கிழவர் எப்போதும் பகிடி விடுகிறவர், இதுவும் அப்படித்தான் என்று நினைத்தாள். அவள் சிரித்ததும் அவரும் சிரித்தார். வெளியில் அடுத்தவர் காத்துக்கொண்டு நின்றார். எழும்பி, “அப்ப போட்டு வாறன் பிள்ளை” என்று சொல்லிவிட்டு வந்தார்.

செப்ரெம்பர் முதலாந் திகதி கலோஜெரோ கடைசி உறையைக் கொண்டுவந்தான். “தொன் அருள், அடுத்த மாதப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. என்ன நடந்தது? ஏதாவது பிரச்சினையா? நான் யாரிடமாவது கதைக்கட்டுமா?” என்று உட்காரும் முன்பே கேட்டான். அவன் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

அந்தக் கவலையை அருளம்பலத்தார் கண்டார். சும்மா இருந்திருந்தாலே போதும், அவன் விளங்கிக்கொண்டிருப்பான். ஆனால் இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“பிரச்சினையா? எனக்கா? நான் பணக்காரன் ஆகிவிட்டேன், கலோஜெரோ. ஊரில் காணிக்கு வாடகை வருகிறது. மகன் எல்லாம் ஒழுங்கு செய்தான். அரசாங்கத்தின் காசு வேண்டாம் என்று நானே போய்ச் சொன்னேன்.”

“அப்படிச் சொல்லுங்கள்! வாழ்த்துக்கள்!” கலோஜெரோ எழும்பி அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, “அப்படியென்றால் இனி எனக்கு யார் இந்தப் பொல்லாத தேத்தண்ணியைத் தருவது?” என்றான்.

கேட்டுவிட்டு, குடிக்காமல், அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த இடத்தில்தான், பாருங்கள், இந்த மனிதர் வாயைத் திறந்திருக்க வேண்டும். நீ சும்மா வா என்று ஒரு சொல். அது அவர் நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? பெற்ற மகன் உயிரோடு இருக்க, ஒரு தகப்பன் பிறத்தியானைப் பார்த்து, எனக்கு ஆளில்லை, வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போ என்று கேட்பதா? அது லக்சனைச் சந்தியில் நிறுத்தி மானத்தை வாங்குகிற வேலை. மகன் எப்படிப்பட்டவன் என்பது அவருக்குள் இருக்கட்டும். ஊருக்கு அது தெரியத் தேவையில்லை.

“உனக்குத் தேத்தண்ணி தர இந்த ஊரில் எத்தனை கிழவர்கள்!” என்றார். “நானும் இங்கே இருப்பேனோ தெரியாது. மகன் ஒரே கூப்பிட்டபடி. வந்து தன்னோடு இரு, இரு என்று கரைச்சல்.”

“பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்” என்றான் கலோஜெரோ. தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். தொப்பியைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று, அதிகாரிக்குச் செய்வது போல அவருக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு இறங்கினான். சப்பாத்துச் சத்தம் கீழே கார்க் கதவு சாத்தும்வரை அவருக்குக் கேட்டது.

செப்ரெம்பர் மாதம் எப்படியோ போனது. கோயிலில் அவருக்கு ஏகப்பட்ட மரியாதை. சொன்னதைச் செய்து காட்டிய மனிதர் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். “உண்மையாவே போய்ச் சொல்லிப்போட்டியளோ அருளண்ணை?” என்று கனகேஸ்வரிகூட வாயில் கை வைத்தாள். வழக்கமாக என்றால் இந்தப் புகழை வைத்துக்கொண்டு அவர் ஒரு மணித்தியாலம் பேசியிருப்பார். அன்று சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஒக்ரோபர் முதலாந் திகதி விடிந்தது. பழக்க தோசம், எழும்பியதும் சவரம் செய்துவிட்டார். முகத்தைத் துடைத்த பிறகுதான் எதற்கு என்று கேட்டுக்கொண்டார். கேத்தல் அடுப்பில் இருந்தது. இஞ்சி வாங்கவில்லை. கதவைப் பார்த்தார். தட்டாத கதவுக்கு முன்னால் பத்து மணிவரை இருந்து, பதினொரு மணிவரை இருந்து, மத்தியானம் சோறு வடிப்பதை நினைக்கவே அவரால் முடியவில்லை. எங்கேயாவது போய்விட வேண்டும். அந்தக் கதவு தட்டுப்படாமல் இருப்பதைக் கேட்காத தூரத்துக்குப் போய்விட வேண்டும். கலியாண வீடுகளுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார்.

எதிர் வீட்டு சிஞ்ஞோரா நுன்சியா படியைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நல்ல மனுசி. காது கொஞ்சம் மந்தம், ஆனால் வாய்க்கு ஓய்வில்லை.

“ஓ, என்ன அலங்காரம்! இன்றைக்கு முதலாந் திகதி அல்லவா, உங்கள் கரபினியேரி வருகிற நாள் அல்லவா?”

“இனி வரமாட்டார்” என்றால் முடிந்தது. அவள் ஏன் என்று கேட்பாள், தலையை ஆட்டுவாள், பாவம் என்பாள். அந்தப் பாவத்தைத் தாங்க இன்றைக்கு அவரால் முடியாது.

“மகன் வந்திருக்கிறான், சிஞ்ஞோரா! சுவிசிலிருந்து. ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலோரமாக வீடு எடுத்திருக்கிறான். அங்கேதான் போகிறேன். என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப் போகிறானாம்.”

“கடவுளே, கடைசியில் வந்துவிட்டானா!” சிஞ்ஞோரா துடைப்பத்தை விட்டுவிட்டுக் கையைக் கூப்பினாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்ததும் அவருக்கு ஒரு மாதிரியாகப் போய்விட்டது. விறுவிறென்று இறங்கினார்.

பொய் சொன்னதற்குத் தண்டனையோ என்னவோ, பேருந்து ஏறி ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கே போனார். வேறு இடம் மனதில் வரவில்லை. வள்ளங்கள் கட்டிக்கிடக்கிற கரையில், கடலைப் பார்த்துப் போட்ட ஒரு மர வாங்கில் இருந்தார். வெயில் சுடவில்லை, காற்றும் குளிரவில்லை, ஒரு குறையும் சொல்ல முடியாத நாள். மீன் சாப்பாட்டுக் கடைகளில் குடும்பம் குடும்பமாகச் சனம் வந்தது. மத்தியானம் ஒரு கடைவாசலில் நின்ற பரிசாரகன், “சாப்பிட வாருங்கள், எத்தனை பேர்?” என்று கேட்டான். “மகன் வரட்டும், வந்ததும் சொல்கிறேன்” என்றார். பரிசாரகன் தலையாட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்தக் கடையில் போய்த் தனிய இருந்து சாப்பிடவும் வழியில்லை. பசியோடு வாங்கிலேயே இருந்தார். ஒரு பணக்காரன் கடற்கரையில் பட்டினி கிடக்கிறான் என்று நினைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்கத்தான் ஒருவரும் இல்லை. வெயில் சாய்ந்த பிறகு பேருந்து ஏறினார்.

மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும் சிஞ்ஞோரா நுன்சியாவின் கதவு திறந்தது. காத்திருந்தவள் போலத்தான் வந்தாள். கையில் தங்க நிறக் கடுதாசி சுற்றி, நாடா கட்டிய ஒரு தட்டு. பேக்கரியில் இனிப்பு வாங்கினால் அப்படித்தான் கட்டித் தருவார்கள்.

“உங்கள் கரபினியேரி வந்தார்!” என்றாள்.

அருளம்பலத்தார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “யார்?”

“அவர்தான், மீசைக்காரர். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. சீருடை போடாமல், நீல ஸ்வெட்டரோடு, சாதாரண மனிதர் மாதிரி வந்திருந்தார். இன்றைக்கு அவருக்கு லீவாம். உங்கள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு இந்தப் படியிலேயே இருந்துவிட்டார், கிழவர் சந்தைக்குத்தான் போயிருப்பார், வந்துவிடுவார் என்று. நான்தான் சொன்னேன், காத்திருக்க வேண்டாம், அவருடைய மகன் வந்துவிட்டான், கடலோரத்தில் வீடு எடுத்திருக்கிறான், கூட்டிக்கொண்டு போகப் போகிறான் என்று.”

“அதற்கு என்ன சொன்னார்?”

“என்ன சந்தோசம் தெரியுமா அந்த மனிதருக்கு! என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ‘சிஞ்ஞோரா, இவரை நினைத்துத்தான் எனக்கு மனம் கேட்கவில்லை, காசு கொண்டுவராவிட்டாலும் ஒவ்வொரு முதலாந் திகதியும் வந்து பார்ப்போம் என்று இருந்தேன். மகன் வந்துவிட்டான் என்றால் இனி நான் வந்து தொந்தரவு செய்யத் தேவையில்லை’ என்றார். இதை உங்களிடமும் மகனிடமும் கொடுக்கச் சொன்னார். பிடியுங்கள், கிறீம் போட்டது, கெட்டுப்போகும்.”

அருளம்பலத்தார் தட்டை வாங்கினார். கரபினியேரி நிலையம் நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது. நாளைக்குப் போய், மகன் வரவில்லை கலோஜெரோ, எனக்கு ஒருவரும் இல்லை என்று இரண்டு வசனம் சொன்னால் அந்த மனிதன் ஓடி வருவான். அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது. அந்த இரண்டு வசனத்தையும் முதலில் இந்தப் படியில், இந்த மனுசியிடம் சொல்லிப் பழகலாம். இங்கே சொன்னால் அங்கேயும் சொல்ல வரும். அவர் வாயைத் திறந்தார்.

“மகன் எங்கே?” என்று கேட்டாள் சிஞ்ஞோரா நுன்சியா, அவர் முதுகுக்குப் பின்னால் படியை ஆவலாக எட்டிப் பார்த்தபடி. “எப்படி இருக்கிறான்?”

“நன்றாக இருக்கிறான்” என்றார் அருளம்பலத்தார். “களைத்துப் போய் வந்தவன். அங்கேயே படுத்துவிட்டான்.”

“பாவம், தூர வழிப் பயணம் அல்லவா? நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு கோப்பி குடிக்கட்டும். நானும் பார்க்க வேண்டும்.”

“சொல்கிறேன், சிஞ்ஞோரா” என்று சொல்லிவிட்டு, அவர் சட்டைப் பையில் கதவுத் திறப்பைத் தேடினார்.